வெளியே விடாத பூனை

தோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் நான் அதற்கு முன் கால் வைத்ததே இல்லை. ஆனாலும், "நீ பேசாம என் பின்னாடி வா, எனக்கு வழி தெரியும்" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தான். மூடி வைக்கச் சொன்னேன். கின்சா தடத்தின் நடைமேடையை 15 நிமிடத்தில் நான் கண்டுபிடித்துவிட்டால் இரவுச் சாப்பாடு அவன் செலவு. இல்லையென்றால் என் செலவு.

வெறும் வாய்ச்சவடால் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிலையத்தில் நான் ஒரு வருடம் பள்ளி மாணவனாகச் சுற்றியிருக்கிறேன். காலையில் ரயில் ஏறி, ஷிபுயாவில் இறங்கி, வேறு ரயில் மாறி, ஆவோயாமா இத்சோமே என்ற இடத்தில் உள்ள பள்ளிக்குப் போய்வந்திருக்கிறேன். எல்லாம் கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, கையில் பிளேஸ்டேஷன் கண்ட்ரோலருடன்.

விளையாட்டின் பெயர் பெர்சோனா 5. ரோல் பிளேயிங் கேம் என்பார்களே, அந்த வகை. நாம் ஒரு பாத்திரமாக மாறி, அவனுடைய நாட்களை வாழ வேண்டும். இதில் நாயகன் ஒரு பள்ளி மாணவன். செய்யாத குற்றத்துக்காக நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டு, சொந்த ஊரிலிருந்து தோக்கியோவுக்கு அனுப்பப்படுகிறான். ஒரு காப்பிக்கடையின் மேல்மாடத்தில் தங்குகிறான். பகலில் பள்ளி. மற்ற நேரத்தில், கெட்ட மனிதர்களின் மனத்துக்குள் புகுந்து அவர்களைத் திருத்தும் திருட்டு வேலை. 2016இல் ஜப்பானில் வெளிவந்தது. அதன் விரிவாக்கமான ராயல் பதிப்பு உலகம் முழுக்க வெளிவந்த நாள் 2020 மார்ச் 31.

அந்தத் தேதியை மலேசியர் யாரும் மறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மார்ச் 18இல் தொடங்கியிருந்தது. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும் வெளியே போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள், அரிசி பருப்பு வாங்க. தெரு முனையில் போலீஸ் தடுப்பு. தம்பி அப்போது ஐந்தாம் படிவம். எஸ்பிஎம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. நான் சாப்பாட்டு மேசையிலேயே அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் இருந்தபடியே ஒரு நகரத்தில் நடக்கலாம் என்றால் கசக்குமா? கணினியில் பணம் கட்டி விளையாட்டைத் தரவிறக்கம் செய்தவன் அவன்தான். கடன் அட்டை என்னுடையது.

நகரம் அவ்வளவு அழகாக இருந்தது. மழை பெய்தால் குடைகள் விரியும். காலை ரயிலில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். காப்பிக்கடைச் சந்தில் பொதுக்குளியல் நிலையம், சலவைக் கடை, ஒரு சிறிய கிளினிக். ஷிபுயாவின் நாய்ச் சிலை, கூட்டம், விளம்பரப் பலகை எல்லாம். மளிகைக் கடைக்குப் போகவே அனுமதி கேட்ட நாட்களில் அந்தத் திரையைப் பார்த்து நான் கொஞ்சம் அழுதேன் என்றால் நம்புவீர்களா தெரியவில்லை.

ஆனால் அந்த நகரத்தில் ஒரு பூனை இருந்தது.

மோர்கானா என்று பெயர். பேசும் பூனை. நாயகனின் பள்ளிப் பைக்குள் உட்கார்ந்து கூடவே வரும். போகப்போக அது நண்பன். ஆனால் இரவு வந்தால் அதுவே காவல்காரன். நாயகன் பகலில் அலைந்துவிட்டு மேல்மாடத்துக்குத் திரும்புகிறான். ஜன்னலுக்கு வெளியே சந்து விளக்குகள். குளியல் நிலையம் திறந்திருக்கிறது. நாம் படியிறங்கப் போகிறோம். பூனை தடுக்கிறது: இன்றைக்கு நீ களைத்துப்போயிருப்பாய், படுத்துத் தூங்கலாம். அவ்வளவுதான். வேறு வழியே இல்லை. கட்டிலுக்குப் போக வேண்டியதுதான். ராயல் பதிப்பில் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். சில இரவுகளில் கடைக்குள்ளேயே காப்பி போடலாம், சில்லறை வேலைகள் செய்யலாம். தெருவுக்கு மட்டும் விடாது.

இது ஏதோ எனக்கு மட்டும் வந்த கோபம் அல்ல. அந்தப் பூனையின் தூக்கப் பேச்சு உலகம் முழுக்க விளையாடுபவர்களிடையே ஒரு கேலிப்பொருளாகவே ஆகிவிட்டது. அதன் பின்னால் கணக்கு இருக்கிறது என்பது புரிகிறது. விளையாட்டு ஒரு நாட்காட்டி மேல் ஓடுகிறது. பள்ளி முடிந்த பிறகு ஒரு காரியம், இரவில் ஒரு காரியம். யாரோடு பழகுவது, எதைப் படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும்போதே வேறொன்றை இழக்கிறோம். எல்லா இரவையும் நம் கையில் கொடுத்தால் இழப்பு என்பதே இருக்காது. சரிதான். ஆனால் நகரத்தை இவ்வளவு ஆசையாகக் கட்டிவிட்டு, வாசலில் பூனையை உட்கார வைப்பானேன்? கட்டியவர்களுக்கே தாங்கள் கட்டியது என்னவென்று தெரியவில்லையோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

நடப்பதிலும் அப்படித்தான். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடந்தே போக முடியாது. வரைபடத்தில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அங்கே நிற்போம். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. கட்டப்படவே இல்லை.

தம்பியின் கோபம் வேறு. சண்டைகளை அவன்தான் விளையாடுவான். பேச்சுகளில் பதில் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. சண்டையில் நான்கு பேர் கொண்ட குழு. நண்பன் விழுந்தால் மருந்து கொடுத்து எழுப்பலாம். நாயகன் விழுந்தால்? ஆட்டம் முடிந்தது. மற்ற மூவரும் முழு உயிரோடு நிற்பார்கள். எழுப்பும் மருந்து பையில் இருக்கும். ஒருவரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சில எதிரிகளிடம் ஒரே அடியில் கொல்லும் மந்திரம் உண்டு. அது நாயகன் மேல் பட்டால் ஒரு மணி நேர உழைப்பு போய்விடும். "மருந்து கையிலேயே இருக்கு, பக்கத்துலயே நிக்கிறாங்க, ஒருத்தனும் கொடுக்க மாட்டேங்கிறான் பாருக்கா" என்று அவன் கத்தியதில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சுவரைத் தட்டினார்.

ராயல் பதிப்பில் ஒகுமுரா என்ற பர்கர் நிறுவன முதலாளியோடு ஒரு சண்டை வரும். அரை மணி நேரக் கெடு. அலை அலையாக ரோபோ தொழிலாளர்களை அனுப்புவார். ஓர் அணியை இரண்டு சுற்றுக்குள் முழுசாக வீழ்த்த வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் அவை ஓடிப்போய், புது ரோபோக்கள் வந்து நிற்கும். அதுவரை எப்படி விளையாடினாலும் சரி என்று விட்ட விளையாட்டு, அந்த ஒரு வாசலில் மட்டும் இப்படித்தான் விளையாடியிருக்க வேண்டும் என்று கண்டிக்கும். எங்களுக்கு நான்கு இரவுகள் ஆயின. நான்காவது இரவு விடிந்தபோது அவனுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியிருந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரியது ஒன்று உண்டு. ராயலில் மாருகி என்ற பள்ளி மன நல ஆலோசகர் வருகிறார். சாதுவான மனிதர். தின்பண்டம் கொடுத்துப் பேசுவார். நவம்பர் 18க்குள் அவரோடு உள்ள நட்பை 9ஆம் நிலைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். இல்லையென்றால் ராயல் பதிப்பின் முக்கியப் புதுமையான கடைசிப் பருவம் முழுவதும் திறக்காது. அப்படியொரு பருவம் இருப்பதே தெரியாமல் கதை முடிந்துவிடும். இதை விளையாட்டு நேரடியாகச் சொல்வதே இல்லை. அவர் வேலை முடிந்து போகப்போகிறார் என்பது தெரியும். ஆனால் அது கெடு என்று எங்கும் எழுதியிருக்காது.

பதில் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு என்றேன் அல்லவா. மாருகியை நான்தான் தள்ளிப்போட்டேன். அவர் எப்போதும் அந்த அறையில் இருப்பார் என்று நினைத்தேன். டிசம்பரில் கதை முடிந்து பெயர்கள் ஓடியபோதுதான் தம்பி தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான். 90 மணி நேரத்துக்கு மேல் விளையாடியிருந்தோம். இன்னொரு முறை தொடங்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அவன் எஸ்பிஎம் எழுதப் போனான்.

சரி, ஷிபுயாவுக்கு வருவோம்.

எனக்கு 15 நிமிடம் போதவில்லை. நாங்கள் தெனெந்தோஷி தடத்தில் வந்து பூமிக்கு அடியில் மூன்று தளம் கீழே இறங்கியிருந்தோம். கின்சா தடம் சுரங்க ரயில்தான், ஆனால் ஷிபுயாவில் அது தரைக்கு மேலே, மூன்றாவது தளத்தில் நிற்கிறது. ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு. ரயில் தன் மட்டத்தில்தான் வருகிறது, நிலம்தான் அதன் கீழே இறங்கிவிடுகிறது. 1938இல் ரயில் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். மேலே ஏறி, வெளியே வந்து, மறுபடி ஒரு கட்டடத்துக்குள் நுழைய வேண்டும் என்பது மனப்பாடம். ஏறினேன். வெளியே வந்தேன். கட்டடத்தைக் காணோம்.

உண்மையாகவே காணோம். பழைய நடைமேடை ஒரு பேரங்காடிக்குள் இருந்தது. 2020 ஜனவரி 3ஆம் தேதி நடைமேடையைக் கிழக்கே 130 மீட்டர் தள்ளி வைத்துவிட்டார்கள். அந்தப் பேரங்காடி அதே ஆண்டு மார்ச் 31இல் மூடப்பட்டது. நாங்கள் கிள்ளானில் பாய் விரித்து உட்கார்ந்த அதே நாள்! நான் ஒரு வருடம் நடந்து பழகிய நிலையம், நான் நடக்கத் தொடங்கும்போதே இல்லாமல் போய்விட்டது. இப்போது இருப்பது வெள்ளை வளைவுக் கூரை போட்ட புது நிலையம். சுற்றிலும் பாரந்தூக்கிகள், தற்காலிக நடைபாதைகள், அம்புக்குறிகள். கேஎல் சென்ட்ரலில் இறங்கி மோனோரயிலைத் தேடி அங்காடிக்குள் நடந்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். அதை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

28ஆவது நிமிடம் ஆரஞ்சு நிற வட்டத்தைக் கண்டுபிடித்தேன். வியர்த்திருந்தது, நவம்பர் குளிரிலும்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் தம்பி. "கோவிச்சுக்கக் கூடாது. நாம இறங்கினோமே, அந்த ரயில் ஷிபுயாவோட நிக்கல. அப்படியே ஹன்சோமோன் தடமா மாறி நேரா ஆவோயாமா இத்சோமேக்குத்தான் போகுது. ஷிபுயாவுக்கு அப்புறம் ரெண்டாவது ஸ்டேஷன். இறங்கவே வேணாம்."

நான் அவனைப் பார்த்தேன். விளையாட்டில் அந்தப் பையன் தினமும் காலையில் முட்டி மோதி ரயில் மாறுகிறான். முதல் நாள் அந்த நிலையத்தில் வழி தெரியாமல் நான் சுற்றிய சுற்றுக்கு அளவே இல்லை. உண்மையான ஊரில் அவன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டு போயிருக்கலாம்!

"எப்போ தெரியும் உனக்கு?"

"விளையாடறப்பவே மேப்பில பார்த்தேன். 2020லயே."

"ஏன்டா சொல்லல?"

"நீதான் வழி கண்டுபிடிச்சுட்டோம்னு அவ்வளவு சந்தோஷப்பட்ட."

ஆவோயாமா இத்சோமேயில் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. அது கற்பனை என்பது தெரிந்தேதான் போனோம். அலுவலகக் கட்டடங்கள், சுத்தமான நடைபாதை. கொஞ்சம் நடந்தால் ஜிங்கூ கையென் பூங்காவின் கிங்கோ மரச் சாலை. 146 மரங்கள், கோபுரம்போல் கூராக வெட்டி வளர்க்கப்பட்டவை. பாதி மஞ்சள், பாதி பச்சை. ஒருவாரம் கழித்து வந்திருந்தால் முழு மஞ்சளாக இருந்திருக்கும். ஒரு பாட்டி கீழே விழுந்த இலைகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு நோட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். தம்பி கைப்பேசியைப் பார்த்தான். அவனிடம் ஒரு பயணத் திட்டம் இருந்தது. 10.40 ஆவோயாமா. 11.30 கிளம்ப வேண்டும். நாங்கள் கிளம்பினோம்.

அவன் திட்டம் போட்டதில் தப்பில்லை. ஐந்து நாள் பயணம். ஜனவரியில் பினாங்கில் ஒரு மருத்துவமனையில் அவனுக்குத் தாதி வேலை. இரவு முறை, பகல் முறை என்று மாறி மாறி வரும். இனி எப்போது இருவருக்கும் ஒன்றாக ஐந்து நாள் கிடைக்கும் என்று தெரியாது. அதனால்தான் இந்தப் பயணம். அதனால்தான் நிமிடக் கணக்கு.

நாங்கள் தங்கியது சாங்கென்ஜாயாவில். ஷிபுயாவிலிருந்து தெனெந்தோஷி தடத்தில் இரண்டாவது நிலையம். காப்பிக்கடைச் சந்துக்கு மூலம் இந்த ஊர்தான். பெயருக்கு மூன்று தேநீர்க்கடை என்று பொருள். எடோ காலத்தில் இரண்டு சாலைகள் பிரியும் இடத்தில் மூன்று கடைகள் இருந்தனவாம். விளையாட்டில் பெயரை யோங்கென்ஜாயா என்று மாற்றியிருக்கிறார்கள். நான்கு தேநீர்க்கடை! அந்த நான்காவதுதான் நாயகன் தங்கும் கடை என்று நானாகவே ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன்.

இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே முக்கோணமாக ஒரு பகுதி. அதற்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். ஏழெட்டு நாற்காலி போட்ட கடைகள், குளிர்சாதனப் பெட்டிகளின் வால், மேலே மின்கம்பிச் சிக்கல். பக்கத்திலேயே 26 மாடிக் கட்டடம் ஒன்று. காரட் நிறத்தில் இருப்பதால் காரட் டவர் என்றே பெயர். அதன் அடியிலிருந்து செத்தகாயா தடம் கிளம்புகிறது. இரண்டே பெட்டி, வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும். மொத்தமே ஐந்து கிலோமீட்டர். விளையாட்டில் இந்த ரயில் இருந்திருந்தால் நான் நாள் முழுக்க அதிலேயே போய்வந்திருப்பேன்.

அதில்தான் மூன்றாம் நாள் மியானோசாகாவில் இறங்கி கோத்தோகுஜி கோயிலுக்குப் போனோம். பூனைக்கோயில். வலது கையைத் தூக்கிக் கூப்பிடும் வெள்ளைப் பூனைப் பொம்மைகள், கட்டைவிரல் அளவிலிருந்து குழந்தை அளவு வரை, அடுக்கடுக்காக நிற்கின்றன. ஈ நாவோதாகா என்ற பிரபு இந்தப் பக்கம் வந்தபோது கோயில் வாசலில் இருந்த பூனை கையசைத்துக் கூப்பிட்டதாம்; அவர் உள்ளே போக, வெளியே இடியும் மழையும் கொட்டியதாம். பிறகு அவர் குடும்பமே கோயிலை ஆதரித்தது என்பது கதை. ஜப்பானியர் ஒருவரைக் கூப்பிடும்போது உள்ளங்கை கீழே பார்க்கும். நாமும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? அதனால் அந்தப் பூனைகள் கூப்பிடுவது எனக்கு விளக்கமில்லாமலே புரிந்தது.

"ஒரு பூனை வெளியே போகாதேங்குது, ஒரு பூனை உள்ளே வாங்குது. இந்த ஊர்ல பூனை சொல்றதைத்தான் கேக்கணும்போல" என்றேன்.

தம்பி சிரிக்கவில்லை. "நீயும்தான் அப்படிச் சொல்லுவ" என்றான்.

"என்ன?"

"தூங்கு தூங்குன்னு. பூனை சொல்லும், உடனே நீயும் சொல்லுவ. 'பாரு, அதுக்கே தெரியுது, எழுந்து போய்ப் படு. நாளைக்குக் கிளாஸ் இருக்கு.'"

எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று சொல்லவும் முடியவில்லை, சொல்லியிருப்பேன். அம்மா தூங்கிய பிறகு வீட்டில் மணி பார்க்கும் ஆள் நான்தான்.

கடைசி இரவு ஷிபுயாவில் சாப்பிட்டோம். என் செலவு. மணி 11 ஆகியிருந்தது. திட்டப்படி 11.10 ரயில், 11.30 அறை, காலை 6க்கு எழுந்து விமான நிலையம். நாய்ச் சிலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். 1934இல் முதலில் வைத்த சிலை, பிறகு 1948இல் மறுபடி வார்த்தது. இறந்துபோன எசமானுக்காக இதே நிலைய வாசலில் வருடக்கணக்கில் வந்து நின்ற ஹாச்சிகோ. அதற்கு யாரும் தூங்கச் சொல்லவில்லைபோல.

"நடந்து போலாமா?" என்றான் தம்பி.

"எங்க?"

"ரூமுக்கு. மூணரை கிலோமீட்டர்தான். கேம்ல நடக்க விடலையே."

என் வாய்க்குள் வந்துவிட்டது, காலையில் 6 மணி என்று. விழுங்கினேன்.

தோகென்சாக்கா மேட்டில் ஏறினால் 246ஆம் எண் நெடுஞ்சாலை. அதன் தலைக்கு மேல் விரைவுச்சாலை, நெடுக. அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தூண்கள், லாரிகள், கதவு இறக்கிய கடைகள், ஒவ்வொரு 200 மீட்டருக்கும் வெளிச்சமாக ஒரு தானியங்கிப் பானப் பெட்டி. சூடான சோளச் சூப் டின் ஒன்று வாங்கி இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். சைக்கிளில் போன ஒருவர் பாடிக்கொண்டே போனார். நடுவில் மெகுரோ ஆறு குறுக்கிடுகிறது. அங்கே விளையாட்டரங்கின் சுவர்போல் ஒரு பிரம்மாண்டமான வட்டக் கட்டடம். உள்ளே பாதாளச் சாலையிலிருந்து கார்கள் சுற்றிச் சுற்றி ஏறி மேலே விரைவுச்சாலையில் சேர்கின்றன. அதன் கூரையில் பூங்கா வைத்திருக்கிறார்கள். கட்டப்படவே இல்லை என்று நான் குறைப்பட்ட இடத்தில் இவ்வளவும் இருந்தது.

அந்த வட்டச் சுவரை ஒட்டி நடக்கும்போதுதான் சொன்னான்.

"ஒகுமுரா சண்டை அன்னிக்கு, நாலாவது ராத்திரி. ஜெயிச்சதும் உன்கிட்ட ஒண்ணு பேசணும்னு இருந்தேன்."

டிவியில் அப்போது தினமும் மருத்துவமனைகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முகக்கவசத்தின் தழும்போடு தாதிகள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான், ஏதாவது சொல்லுவான், நான் மாற்றச் சொல்லுவேன். பொறியியலுக்குப் போக வேண்டாம், தாதியாகப் படிக்கிறேன் என்று என்னிடம் சொல்ல அன்றைக்குத் தைரியம் வந்திருந்ததாம். முதலில் என்னிடம் சொல்லிவிட்டால் அம்மாவிடம் நான் பேசிவிடுவேன் என்று கணக்கு. "'அக்கா ஒரு நிமிஷம்'னேன். நீ 'அதெல்லாம் நாளைக்குப் பேசலாம், இன்னிக்கு நீ களைச்சுப்போயிருக்க, போய்ப் படு'ன்னே. லைட்டை அணைச்சுட்ட."

மறுநாள் அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எஸ்பிஎம் முடிவு வந்ததும் மெட்ரிகுலேஷன் விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பியது நான். பொறியியல் பிரிவு. அவன் போனான், பாதியில் விட்டுவிட்டு வந்தான், வீட்டில் இரண்டு மாதம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகுதான் தாதிமைக் கல்லூரி. அந்த ஒரு வருடத்தைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த காரணம், பையனுக்குக் கணிதம் கடினமாகிவிட்டது என்பது.

"ஏன்டா அப்புறமா சொல்லல?"

"அப்புறம்னா எப்போ? நீதான் அப்புறம் விண்ணப்பம் போட்டுட்டியே." குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ரயில் மாறவே வேண்டாம் என்று சொன்னானே, அதே குரல். "பரவாயில்லக்கா. மாருகியை நீ விட்டப்போ உன்னைத் திட்டினேன்ல. அதுல கொஞ்சம் இதுவும் சேர்ந்துதான்."

நான் நிற்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவன் நடந்துகொண்டிருந்தான், அதனால் நானும் நடந்தேன். இகெஜிரி ஓஹாஷி நிலையத்தைத் தாண்டினோம். கீழே கடைசி ரயில்களில் ஒன்று போயிருக்க வேண்டும், காற்றுத் துவாரத்திலிருந்து சூடு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை, பாதி வாக்கியத்தில் லாரி சத்தம். "என்னது?" என்றான். மறுபடி சொன்னேன். "சரி சரி" என்றான். பிறகு பினாங்கில் வாடகை அறைக்கு எவ்வளவு கேட்கிறார்கள், மோட்டார் சைக்கிளை ரயிலில் அனுப்புவதா ஓட்டிக்கொண்டே போவதா என்று பேசினோம். ஓட்டிக்கொண்டு போகக் கூடாது என்றேன். இதில் மட்டும் நான் பூனையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

சாங்கென்ஜாயாவில் மணி 12.20. கால் வலித்தது. முக்கோணச் சந்துக்குள் பெரும்பாலான விளக்குகள் அணைந்திருந்தன. ஒரு கடையின் சிவப்புக் காகித விளக்கு மட்டும் எரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது. ஏழு நாற்காலி, அதில் ஐந்தில் ஆட்கள். ஒரு பெரிய பாத்திரத்தில் ஓதென் கொதித்துக்கொண்டிருந்தது: முள்ளங்கி, முட்டை, மீன் உருண்டைகள், மணமான சாறு. நாங்கள் வாசலில் தயங்கி நின்றோம். கடைக்காரப் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, உள்ளங்கை கீழே பார்க்கக் கையை அசைத்தார்.

ஆட்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். தம்பி பாத்திரத்துக்குள் விரலை நீட்டி நீட்டிக் காட்ட, பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார்.

"காலையில 6 மணிக்கு எழுந்திருக்கணும், தெரியுமில்ல?" என்றான்.

"தெரியும்" என்றேன். "எனக்கு இன்னொரு முள்ளங்கி சொல்லு."